காலனிய காலத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் எதனால் இறந்தார்கள்?

கேள்வி இதுதான்: "பிரிட்டிஷ் காலத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்கிறார்களே, உண்மையா? அடித்துக் கொன்றார்களா? மருத்துவம் என்று அங்கே என்னதான் நடந்தது?"

செத்தது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு அடி உதையால் வந்த சாவு இல்லை. பைத்தியத்தால் வந்த சாவும் இல்லை. சீதபேதி, வயிற்றுப்போக்கு, காலரா, காசநோய், பெரிபெரி, ரத்தசோகை: அந்தக் கால ஆண்டறிக்கைகளில் இறப்புக் காரணப் பட்டியலைத் திறந்தால் திரும்பத் திரும்ப வருபவை இவைதான். மனம் பேதலித்தவர் என்று கொண்டுவந்து பூட்டப்பட்டவர்கள் குடித்த தண்ணீராலும், தின்ற சோற்றாலும், படுத்த இடத்தின் நெரிசலாலும் செத்தார்கள். எனக்கு இதில் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சாவுகளில் கணிசமானவற்றை அன்றைக்கு இருந்த அறிவை வைத்தே தடுத்திருக்க முடியும். அதற்கு ஆதாரம் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள்ளேயே கிடைத்தது. அந்தக் கதையை விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் பின்னணி.

உள்ளே யார் வந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் 1858-ல் இதற்கென்று தனிச்சட்டம் வந்தது, அந்த ஆண்டின் 36-ஆம் சட்டம். புத்தி சுவாதீனம் இல்லாமல் தெருவில் திரிகிறவரைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது போலீசின் கடமை என்று அது சொன்னது. மாஜிஸ்திரேட் பார்ப்பார், மருத்துவர் ஒருவர் சான்று கொடுப்பார், அப்புறம் உள்ளே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தார்கள், அல்லது கோயிலுக்கும் தர்காவுக்கும் போனார்கள். காப்பகத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் நிறையப் பேர் அநாதைகள், பிச்சைக்காரர்கள், ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்தவர்கள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள். பலரும் ஏற்கெனவே எலும்பும் தோலுமாகத்தான் வந்தார்கள்.

இறப்பு விகிதம் கூடும்போதெல்லாம் கண்காணிப்பாளர்கள் இந்தக் காரணத்தைத்தான் சொன்னார்கள்: "வரும்போதே சாகக் கிடந்தார்கள்." இதில் பாதி உண்மை உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் ஓராண்டு, ஈராண்டு உள்ளே இருந்துவிட்டுச் சீதபேதியில் போனவருக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

எண்களைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இறப்பு விகிதத்தை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். ஓர் உதாரணத்துக்கு, ஒரு காப்பகத்தில் எந்த நாளிலும் சராசரியாக 200 பேர் இருக்கிறார்கள், ஆண்டு முழுதும் வந்துபோனவர்களையும் சேர்த்தால் 350 பேர், இறந்தவர்கள் 30 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினசரிச் சராசரியால் வகுத்தால் 15 சதவீதம். மொத்தம் சிகிச்சை பெற்றவர்களால் வகுத்தால் 8.6 சதவீதம்தான். சாவு ஒன்றுதான், எண் மட்டும் பாதியாகிவிடுகிறது. இரண்டு ஊர்களை, அல்லது இங்கிலாந்தையும் இந்தியாவையும் ஒப்பிடும் கட்டுரைகளில் எந்த எண்ணால் வகுத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் எதையும் நம்பிவிடாதீர்கள்.

சரி, சீதபேதிக்கு வருவோம். நூறு, இருநூறு பேரை ஒரு மதிலுக்குள் அடைத்து, இரவில் வார்டைப் பூட்டி, உள்ளே ஒரு மலச்சட்டியை வைத்துவிட்டால் என்ன ஆகும்? அவர்களில் சிலருக்கு மலஜலம் கட்டுப்படாது. சிலர் தரையில் கிடந்ததை எடுத்து வாயில் போடுவார்கள். பலர் வயிறு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்கள், சொன்னாலும் பிதற்றல் என்று தள்ளப்படுபவர்கள். மலத்தில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நோய் என்றே தெரியும், அதற்குள் பக்கத்துப் பாய்க்காரருக்கும் தொற்றியிருக்கும். வார்டைக் கழுவும் ஆளே சோறும் பரிமாறினால் சொல்லவே வேண்டாம்.

வெப்ப நாட்டு நோய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தின் பெரிய மனநோய்க் காப்பகங்களிலும் இதே சீதபேதி இருந்தது. காப்பகச் சீதபேதி என்றே அங்கு பெயர் வைத்திருந்தார்கள். மூளை நோயின் பக்க விளைவுதான் இந்தப் பேதி என்று அங்கே சில மருத்துவர்கள் வெகுகாலம் நம்பினார்கள். 1897-ல் ஜப்பானில் கியோஷி ஷிகா சீதபேதிக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1900-ல் லண்டன் கவுண்டி கவுன்சிலுக்காக ஆராய்ந்த மாட், டர்ஹாம் இருவரும் இது தொற்றுநோய், நோயுற்றவரைப் பிரித்து வைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். ஆக, இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போதே விஷயம் தெரிந்துவிட்டது. தனி வார்டு, நல்ல கழிப்பிடம், குழாய்த் தண்ணீர், போதுமான பணியாட்கள்: தேவைப்பட்டது இவ்வளவுதான். இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். சிறைக்கும் காவலுக்கும் ராணுவத்துக்கும் ஒதுக்கியது போக மீதியில்தான் காப்பகத்துக்குக் கிடைத்தது.

இப்போது நான் சொல்ல வந்த கதை. இடம், அன்று பிரிட்டிஷார் கையில் இருந்த மலாயாவின் கோலாலம்பூர்.

1905-ல் கோலாலம்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்த 219 பேரில் 94 பேருக்குப் பெரிபெரி வந்தது. 27 பேர் இறந்தார்கள். எட்டுப் பேரில் ஒருவர், ஒரே ஆண்டில், ஒரே நோயில். பெரிபெரி எப்படி வரும் என்று இன்றைய வாசகர் பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். முதலில் கால் மரத்துப்போகும். கெண்டைச் சதையைத் தொட்டால் வலிக்கும். நடை தள்ளாடும். அப்புறம் சிலருக்குக் கால் வீங்கி, வீக்கம் மேலே ஏறி, மூச்சு வாங்கும். இதயம் தளர்ந்து, நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இன்று திடீரென்று போய்விடுவார். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் செத்தார்கள்.

அப்போது மலாயாவின் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்திருந்தார். ஒரே நாடு, ஒரே மழை வெயில், எல்லோருக்கும் கடும் உழைப்பு. சீனர்களுக்குப் பெரிபெரி வாரிக்கொண்டு போகிறது. தோட்டத்துத் தமிழர்களுக்கு வருவதில்லை. கிராமங்களில் இருக்கும் மலாய்க்காரர்களுக்கும் அரிது. வித்தியாசம் அரிசியில் இருந்தது. சீனர்கள் தின்றது சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது உரலில் குத்தித் தின்றார்கள். தமிழர்கள் தின்றது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. தீட்டிய பச்சரிசி கிடங்கில் கிடந்து பழசாகும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் நினைத்தார். காரணம் தவறு, கவனித்தது சரி.

இதைச் சோதித்துப் பார்த்தவர் கோலாலம்பூர் மாவட்ட மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பர் 5-ஆம் தேதி அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளிகள் எல்லோரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடமிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கம்போலச் சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குப் பக்க வார்டுக்கு. அவர்களுக்கு வங்காளத்துப் புழுங்கலரிசி. இரண்டு வார்டுகளும் ஒரே அச்சில் கட்டிய கட்டடங்கள், நடுவில் ஒரே முற்றம், சுற்றிலும் ஒரே உயரமான மதில். குழம்பு, காய், மீன் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். புதிதாக வந்து சேர்ந்தவர்களையும் மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் சேர்த்தார். கட்டடத்தில்தான் நோய் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, ஆண்டின் நடுவில் இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றினார். அரிசியை மட்டும் மாற்றவில்லை.

1906 முடியும்போது கணக்குப் பார்த்தார். பச்சரிசி தின்றவர்கள் 120 பேர். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி, 18 பேர் சாவு. புழுங்கலரிசி தின்றவர்கள் 123 பேர். இரண்டு பேருக்குத்தான் பெரிபெரி, அதுவும் உள்ளே வரும்போதே இருந்தது. சாவு ஒன்றுகூட இல்லை. நோய் கண்ட பிறகு புழுங்கலரிசிக்கு மாற்றப்பட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். 1907-ல் இந்த முடிவுகள் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியாயின.

நம் பாட்டிமார் நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தும்போது உள்ளே நடப்பது என்ன என்பது பின்னால்தான் தெரிந்தது. நெல்லின் தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின், அதாவது பி1 வைட்டமின், நீரில் கரையக்கூடியது. ஊறி அவியும்போது அது நீரோடு சேர்ந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் ஆலையில் தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். கைக்குத்தலில் கொஞ்சம் தவிடு ஒட்டியிருக்கும், ஆலை அதையும் விடாது. நீராவி ஆலைகள் வந்தபிறகு பெரிபெரி ஆசியா முழுதும் தலைவிரித்தாடியதற்குக் காரணம் இதுதான். தயமினைப் பிரித்தெடுத்தது 1926-ல், பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா), யான்சன், டோனாத் என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. தயமின் குறைந்தால் காலும் இதயமும் மட்டும் கெடுவதில்லை, சிலருக்குப் புத்தியும் தடுமாறும், ஞாபகம் அழியும். ஆக, புத்தி தெளிவதற்காக அடைத்து வைத்த இடத்தில் கொடுத்த சோறே சிலருடைய புத்தியை மேலும் கெடுத்திருக்கலாம்.

பிளெட்சர் செய்ததை மருத்துவ வரலாற்றில் மிக நல்ல சோதனை என்று பாராட்டுகிறார்கள். முறையைப் பார்த்தால் பாராட்டத்தான் வேண்டும். ஒப்பிட ஒரு குழு, பாரபட்சம் இல்லாமல் பிரித்த விதம், இடத்தை மாற்றிச் சரிபார்த்தது எல்லாம் அந்தக் காலத்துக்கு அபூர்வம். ஆனால் எனக்கு அந்த 18 பேரைத் தாண்டிப் போக முடிவதில்லை. அவர்கள் யாரும் இந்தச் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை, யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. நோய் கண்ட எல்லோரையும் புழுங்கலரிசிக்கு மாற்றவும் இல்லை. பலர் கால் வீங்கிய பிறகும் அதே பச்சரிசிச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார்கள். முற்றத்தின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதக்கணக்கில் கண்முன்னே தெரிந்துகொண்டிருந்தபோதும் சோதனை ஆண்டு முடியும்வரை நடந்தது. பிளெட்சருக்குப் பதில் சொல்ல ஒன்று உண்டு: அவர் சோதனை செய்யாமல் இருந்திருந்தால் எல்லோருமே பச்சரிசிதான் தின்றிருப்பார்கள், முந்தின ஆண்டு 27 பேர் செத்ததுபோல. இதுவும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் சொல்கிற கட்டுரைகள்தான் அதிகம்.

அங்கே இருந்தவர்களில் சீனர்கள் அதிகம், தமிழர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். வெளியே தோட்டத்தில் புழுங்கலரிசி தின்று பெரிபெரி என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்த தமிழ்த் தொழிலாளி, மனம் கலங்கி உள்ளே வந்ததும் சயாம் அரிசிக்குப் போனார். அவர் பாட்டன் பூட்டன் காலத்து உணவுதான் அவரைக் காத்துக்கொண்டிருந்தது என்று அவருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரிக்கும் தெரியாது.

பிளெட்சருக்கு முன்பே இதே மாதிரி ஒன்று பக்கத்து நாட்டிலும் நடந்திருந்தது. டச்சுக்காரர்களின் ஜாவாவில், பய்ட்டன்சோர்க் (இன்றைய போகோர்) மனநோய் ஆஸ்பத்திரியில் ஹுல்ஷோஃப் போல் என்ற மருத்துவர் ஒரு பகுதி நோயாளிகளுக்குத் தினமும் பாசிப்பயறு கொடுத்தார். பயறு தின்றவர்களுக்குப் பெரிபெரி வரவில்லை, மற்ற வார்டுகளில் வந்தது. 1902-ல் அதை எழுதி வெளியிட்டார். பயறு விலை உயர்ந்த மருந்தும் இல்லை, கப்பலில் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய சரக்கும் இல்லை. இருந்தும் 1905-ல் கோலாலம்பூரில் 27 பேர் செத்தார்கள். பிறகு மலாயாவில் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஜாவாவிலிருந்து வந்த சாலைத் தொழிலாளர்கள் சுமார் 300 பேரிடமும், பின்னர் கோழிகளிடமும் ஆராய்ந்து தவிட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று காட்டினார்கள். 1910-ல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர்கள் மாநாடு தீட்டிய அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுக்கொண்டது.

சரி, மருத்துவம் என்று என்ன நடந்தது என்று கேட்டீர்கள். மனநோய்க்கு என்றால், அடக்கி வைக்கும் மருந்துகள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அபினி, பேதி மருந்து, தலையில் கொப்புளப் பற்று, குளிர்ந்த நீர் ஊற்றுதல். 1869-க்குப் பிறகு குளோரல் ஹைட்ரேட், கூடவே புரோமைடு, பின்னர் பாரால்டிஹைடு. இவை தூங்கவைக்கும், குணப்படுத்தாது. இன்னொன்று வேலை. தோட்டம், நெசவு, கயிறு திரித்தல், மாவு அரைத்தல் என்று நோயாளிகளைப் பழக்கினார்கள். கை வேலையில் இருந்தால் மனம் அமைதியாகும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது, சிலருக்குப் பலனும் இருந்தது. ஆனால் அந்த உற்பத்தியின் வருமானம் ஆண்டறிக்கையில் தனி வரியாக ஏறியபோது, வேலை யாருக்காக என்ற கேள்வியும் கூடவே வந்தது. பிற்காலத்தில் மலேரியாக் காய்ச்சலை வலிய ஏற்றும் சிகிச்சை, இன்சுலின் மயக்கம், மின்னதிர்ச்சி என்று வந்தன. மனநோயின் அறிகுறிகளை உண்மையில் அடக்கும் முதல் நவீன மருந்து குளோர்புரோமசின் வந்தது 1952-ல், காலனி ஆட்சி இங்கே முடிந்த பிறகு. சர்ப்பகந்தி வேர் மனக்கொந்தளிப்பைத் தணிக்கிறது என்று கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் 1931-லேயே எழுதினார்கள். உலகம் அதைத் திரும்பிப் பார்க்க இருபது ஆண்டு ஆயிற்று.

நோய்க் காரணத்தை எவ்வளவு அலட்சியமாக எழுதினார்கள் என்பதற்கு ஓர் அரசு ஆவணமே சாட்சி. கஞ்சாவால்தான் இந்தியர்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று காப்பகப் புள்ளிவிவரங்களை வைத்து அப்போது பரவலாகப் பேசினார்கள். 1893-ல் அமைத்த கஞ்சா விசாரணைக் குழு அந்தப் பதிவேடுகளையே தோண்டிப் பார்த்தது. 1892-ல் இந்தியக் காப்பகங்களில் சேர்ந்த 1,344 பேரில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகைகள் என்று எழுதியிருந்தது. ஒவ்வொருவராக விசாரித்தபோது 98 பேருக்குத்தான் ஏதோ ஒரு தொடர்பு நின்றது. மற்றவை எப்படி வந்தன? பிடித்துவந்த போலீஸ்காரர் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் எதையாவது நிரப்ப வேண்டும், கஞ்சா என்று நிரப்பினார். அதை மருத்துவர் அப்படியே பேரேட்டில் ஏற்றினார், பேரேட்டிலிருந்து அது புள்ளிவிவரமாயிற்று. உயிரோடு வந்தவருக்கே காரணத்தை இப்படி எழுதினார்கள் என்றால், செத்தவருக்குப் "பொதுவான பலவீனம்" என்று எழுதியதை எவ்வளவு நம்பலாம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு சொல்லுக்குள் பட்டினியும் இருக்கலாம், காசநோயும் இருக்கலாம், கொக்கிப்புழுவும் இருக்கலாம்.

அடித்துக் கொன்றார்களா என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. வன்முறை இருந்தது. மிக நன்றாகப் பதிவானது இந்தியாவில் அல்ல, ஜமைக்காவில். கிங்ஸ்டன் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்து 1860-ல் வெளியே வந்த ஆன் பிராட் என்ற பெண், உள்ளே நடந்ததை அச்சிட்டு வெளியிட்டார். பணியாட்கள் பெண்களைத் தொட்டித் தண்ணீருக்குள் தலையை அமுக்கி மூச்சுத் திணற வைப்பது அங்கே வழக்கமான தண்டனை. லூயிஸ் பவர்பேங்க் என்ற மருத்துவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே அந்த இடத்தைப் பற்றிப் புகார் எழுதிக்கொண்டிருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு கலப்பினப் பெண்ணின் வார்த்தையைப் பொய் என்று ஒதுக்குவதுதான் நிர்வாகத்தின் முதல் வேலையாக இருந்தது. 1861-ல் விசாரணை நடந்தபோது அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அதன் தொடர்ச்சியாக 1863-ல் லண்டன் காலனி அலுவலகம் எல்லாக் காலனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பி, உங்கள் ஆஸ்பத்திரியும் காப்பகமும் எப்படி இருக்கின்றன என்று கேட்டது. பேரரசு முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது ஒரு நோயாளியின் வாக்குமூலம் என்பதை இந்த வரலாற்றில் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

இருந்தாலும் எண்ணிக்கையில் வன்முறைச் சாவு சிறிய பங்குதான். அதை மட்டுமே பேசினால், சீதபேதியிலும் பெரிபெரியிலும் சத்தமில்லாமல் போன பெருங்கூட்டம் கணக்கில் வராமல் போய்விடும். கொடுமைக்காரப் பணியாள் ஒருவரை வேலையை விட்டு நீக்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று அரசும் சொல்லிவிட்டுப் போய்விடும்.

எல்லா நோயாளிகளுக்கும் ஒரே நிலைமையும் இல்லை. கல்கத்தாவில் ஐரோப்பியர்களுக்குப் பவானிப்பூர், இந்தியர்களுக்குத் துல்லண்டா என்று தனித்தனி. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பிய நோயாளிகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். அவர்களுக்காக லண்டனில் ஹாக்னியில் ஓர் இல்லம், 1870 முதல் ஈலிங்கில் ஒரு காப்பகம். 1918-ல் ராஞ்சியில் திறந்த ஐரோப்பியர் மருத்துவமனைக்கு அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற பெர்க்லி-ஹில், கைத்தொழில் சிகிச்சை முதலானவற்றை அங்கே கொண்டுவந்தார். அவர் நல்ல மருத்துவர், நோயாளிகளுக்காக அரசோடு சண்டை போட்டவர். ஆனால் அவர் செய்தது எல்லாம் சில நூறு பேருக்குத்தான், அதுவும் போதுமான பணியாட்களோடு. அதே சமயம் இந்தியர்களுக்கான இடங்களில் நெரிசல் கூடிக்கொண்டே போனது.

சென்னையைப் பற்றியும் கேட்பீர்கள். 1794-ல் வாலன்டைன் கோனலி என்ற கம்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் தனியார் காப்பகமாகத் தொடங்கியதுதான் ஆரம்பம். 20 பேருக்கான இடம். இப்போது நாம் கீழ்ப்பாக்கம் என்று சொல்கிற மருத்துவமனை 1871-ல் லோகாக் தோட்டத்தில், 66 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், 145 நோயாளிகளோடு திறந்தது. இடவசதியில் அது மற்ற பல ஊர்களைவிட மேல். 1922-ல் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. இந்தியா முழுதும் அந்த ஆண்டுகளில்தான் பெயர்ப்பலகைகள் மாறின. மதில், பூட்டு, ஆள் பற்றாக்குறை எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருந்தன. சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு 1946-ல் வெளியிட்ட அறிக்கைக்காக இந்திய மனநோய் மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்த மருத்துவர் மூர் டெய்லர், அவற்றில் பெரும்பாலானவை குணப்படுத்துவதற்காக அல்ல, அடைத்து வைப்பதற்காகக் கட்டியவை என்ற முடிவுக்கு வந்தார். அப்போது 40 கோடி மக்களுக்கு மொத்தம் சுமார் 10,000 படுக்கைகள். 40,000 பேருக்கு ஒன்று.

ஆராய்ச்சிக்காகவோ, குடும்பத்தில் யாரோ அங்கே இருந்தார்கள் என்பதாலோ நீங்கள் இதைக் கேட்டிருந்தால், பழைய ஆண்டறிக்கைகளில் கண்காணிப்பாளர் எழுதிய முன்னுரையை விட்டுவிட்டுப் பின்னிணைப்புக்குப் போங்கள். உணவு அட்டவணையில் என்ன அரிசி, எவ்வளவு பருப்பு, காய் உண்டா என்று பாருங்கள். அதே ஆண்டின் இறப்புக் காரணப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். கட்டடத்தில் எத்தனை பேருக்கு இடம், உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இறந்தவர்கள் உள்ளே எத்தனை நாள் இருந்தார்கள் என்று கொடுத்திருந்தால் அதுதான் மிக முக்கியம். சேர்ந்து ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் அதிகம் என்றால் அவர்கள் வெளியே பட்ட பாடு. ஓராண்டு தாண்டியவர்கள் அதிகம் என்றால் அதற்குக் காப்பகம்தான் பதில் சொல்ல வேண்டும்.